எலுமிச்சை என்றொரு மாறி

ஏற்காடு பஸ்ஸில் கையில் எலுமிச்சை வைத்திருப்பவர்
வாந்தி எடுப்பதில்லை என்று
கண்டக்டர் ஏகாம்பரம் சொன்னதைத்தான்
கருதுகோள் என எழுதிக் கொடுத்தேன்.
துறையில் சிரித்தார்கள்.
சிரித்தபடியே கையெழுத்தும் போட்டார்கள்.

முதல் நாளே சிக்கல்.
வாந்தி என்றால் என்ன?
துண்டால் வாயைப் பொத்தி
கண்ணில் நீர் முட்ட விழுங்கிவிடுகிறவரை
எந்தக் கட்டத்தில் போடுவது?
வெறும் ஓங்கரிப்பு? எச்சில் ஊறுவது?
இரண்டு இரவு யோசித்து
'வெளியே வந்தால் மட்டும்' என்று
வரையறை எழுதினேன்.
விழுங்கியவர்கள் எல்லோரும் அன்றோடு
என் ஆய்வில் நலமாகிவிட்டார்கள்.

மூன்றாம் வளைவுவரை
நாகலூர் லூர்துமேரிக்கு ஒன்றுமில்லை.
"தலை சுத்துதாங்க?" என்றேன்.
சுற்றியது.
"செவனேன்னு வந்தவளக் கேட்டுக் கேட்டே..."
மீதியை ஜன்னலுக்கு வெளியே சொன்னார்.
அதன்பின் யாரையும் கேட்பதில்லை.
கடைசி இருக்கையில் உட்கார்ந்து
பின்னந்தலைகளைப் படிக்கக் கற்றேன்.

நாற்பது நடை.
அஸ்தம்பட்டியிலேயே தலைகளை எண்ணிவிடுவேன்.
அடிவாரம் தாண்டினால்
இருபது கொண்டை ஊசிக்கு இருபது பத்தி.
பதினோராம் நடையில் மழை,
பேனா கரைந்து பக்கம் முழுக்க நீலம்.
ஞாபகத்திலிருந்து நிரப்பிவிடலாம்,
யாருக்குத் தெரியப்போகிறது.
நிரப்பவில்லை.
நிரப்பவில்லை என்பதை எழுதி வைத்தேன்.

கூட்டிப் பார்த்தால்
எலுமிச்சை வைத்திருந்தவர்களே
இரண்டு மடங்கு எடுத்திருந்தார்கள்.
"பழத்துலதான்டி விஷம், அதையே தலைப்பா வை"
அறைத்தோழி பவளக்கொடிக்கு ஒரே குஷி.
எனக்கும் கொஞ்சம் ஆசைதான்.
மறுநாள் பஸ் ஸ்டாண்டில்
பழக்கூடைக்காரி முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.
வருமென்று தெரிந்தவர் பழம் வாங்குகிறார்.
வராதென்று தெரிந்தவர் கடலை வாங்குகிறார்.
குடை பிடித்தவர்களால்தான் மழை பெய்தது என்று
எழுத இருந்தேன்.

மறுபடி முதலிலிருந்து.
சம்மதம் கேட்டு, சீட்டுக் குலுக்கி,
பாதிப் பேருக்குப் பழம்
பாதிப் பேருக்கு வெறுங்கை.
பழத்துக்கு ஐந்து ரூபாய் என் உதவித்தொகையிலிருந்து.
வெறுங்கைச் சீட்டு ஒருநாள்
ஏழு மாதக் கர்ப்பிணிக்கு விழுந்தது.
பழத்தைக் கொடுத்துவிட்டேன்.
அந்த வரியைக் கணக்கில் சேர்க்கவில்லை.
காரணம் என்ற கட்டத்தில் எழுத
ஆய்வு மொழியில் சொல் கிடைக்கவில்லை.
'நெறிமீறல், ஆய்வாளருடையது' என்றிருக்கிறது இப்போது.

முடிவு: சொல்லும்படி வித்தியாசம் ஏதுமில்லை.

"அப்போ பழம் வேலை செய்யாதுன்னு எழுதிட்டீங்களா?"
ஏகாம்பரத்தின் குரலில் வருத்தம்.
"வேலை செய்யுதுன்னு காட்ட முடியலன்னு எழுதியிருக்கேன்."
"ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"
இல்லை என்று விளக்க ஆரம்பித்தபோது
அறுபதடிப் பாலம்.
விளக்கி முடிப்பதற்குள் ஒண்டிக்கடை.
டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே
"எதுக்கும் நான் ஒண்ணு வச்சுக்கறேங்க" என்றார்.

ஆய்வேட்டில் கடைசியாக
'வரம்புகள்' எழுத உட்கார்ந்த இரவுதான்
பெருமாயி நினைவுக்கு வந்தார்.
அடிவாரம் நிறுத்தத்தில் தினமும் நிற்பவர்.
மகள் மேலே ஆஸ்பத்திரியில் ஆயா வேலை.
இரண்டாம் வளைவிலேயே குடல் புரட்டும் என்பதால்
ஒன்பது வருடமாக ஏறியதே இல்லை.
ஏறாதவரை நான் எண்ணவில்லை.
வரவே மாட்டார்கள், மிக மோசமாக எடுப்பவர்கள்,
என் இருபது பத்திகளில் எதற்குள்ளும்.

ஜன்னல் வழியாக அவர் நீட்டும் ஒயர்கூடை
புளிச்சோற்று வாசனையோடு
நாற்பது நடையும்
என் பக்கத்து இருக்கையில்தான் வந்தது.
மேலே வளைவுகளில் சரியாமலிருக்க
நான்தான் பிடித்துக்கொண்டேன்,
குறிப்பேடு இல்லாத கையால்.